6. கபடிக் களமும் 128 புள்ளிகளும்

இந்த அத்தியாயம் முடியும்போது உங்கள் கையில் ஒரு கபடி ஆட்டம் இருக்க வேண்டும். ஆனால் பிக்கோ-8ஐத் திறந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்ய நினைப்பது கிரிக்கெட்டைத்தான். அது ஏன் அவ்வளவு சுலபத்தில் அடங்காது என்று பார்த்துவிட்டால், எந்த விளையாட்டு அடங்கும் என்பது தானாகவே புரியும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பிக்கோ-8 என்ற கற்பனைக் கன்ஸோலை லெக்ஸலாஃபிள் என்ற பெயரில் இயங்கும் ஜோசப் ஒயிட் 2015இல் வெளியிட்டார். அப்படி ஒரு பழைய இயந்திரம் உண்மையில் இருந்ததே இல்லை. இருந்திருந்தால் அதற்கு என்னென்ன வரம்பு இருந்திருக்குமோ, அவற்றையெல்லாம் வேண்டுமென்றே வைத்துச் செய்த மென்பொருள் அது. திரை 128க்கு 128 புள்ளி. நிறம் 16. ஒலித்தடம் 4. நாலு திசை விசைகளோடு இரண்டே இரண்டு பட்டன். நிரல் முழுவதும் 8192 டோக்கனுக்குள் முடிய வேண்டும்.

இப்போது கிரிக்கெட் மைதானத்தை இதற்குள் வைத்துப் பாருங்கள். சர்வதேச ஆண்கள் ஆட்டத்தில் எல்லைக்கோடு பிட்ச்சின் நடுவிலிருந்து 65 கஜத்துக்குக் குறையாமலும் 90 கஜத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். நடுவாந்திரமாக 70 கஜம் என்று வைத்துக்கொண்டால் குறுக்களவு 140 கஜம், அதாவது 128 மீட்டர். ஒரு புள்ளிக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால் பிட்ச் 20 புள்ளி நீளத்துக்குச் சுருங்கிவிடும். பேட்ஸ்மேன் இரண்டு புள்ளி உயரம்கூட இருக்க மாட்டார். 9 அங்குல அகலமுள்ள ஸ்டம்புகளுக்குக் கால் புள்ளிகூடக் கிடைக்காது. பந்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

சரி, மைதானத்தை விட்டுவிட்டு பிட்ச்சை மட்டும் பெரிதாகக் காட்டலாம் என்பீர்கள். காட்டலாம். அடுத்த சிக்கல் நேரத்தில் வரும். 140 கிலோமீட்டர் வேகப் பந்து கையிலிருந்து விடுபட்டு மட்டைக்கு வர ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. விநாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் ஆட்டத்தில் அது 15 ஃப்ரேம். திரையில் ஒன்றைப் பார்த்துவிட்டு விரல் அசைவதற்கே சாதாரண மனிதருக்குக் கால் விநாடி, அதாவது ஏழெட்டு ஃப்ரேம் போய்விடும். மிச்சமிருப்பதற்குள் எந்த ஷாட் என்று முடிவெடுக்க முடியாது. பந்தை 24 ஃப்ரேமில் வரவிட்டால் ஆடலாம். ஆனால் அது சுழற்பந்து வீச்சாளரின் வேகம். வேகப்பந்து என்ற பயம் அங்கே செத்துவிடும். அதை ஈடுகட்ட பௌலர் ஓடிவரும் தாளத்தை நீட்டலாம், நிழலைச் சேர்க்கலாம். முனைந்தால் நல்ல ஆட்டமாகவே வரும். முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

கிரிக்கெட்டைச் சுருக்கும் வேலையை நம் பள்ளிக்கூடங்களில் கடைசி பெஞ்சு எப்போதோ முடித்துவிட்டது. புத்தகக் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண் என்பதால் வரக்கூடியவை 0, 2, 4, 6, 8 மட்டும். எட்டுக்கு ரன் இல்லை என்ற விதியில் ஆடினால் ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 12 ரன் வரும். விதி ஊருக்கு ஊர் மாறும், கணக்கும் மாறும். ஆனால் இதில் ஆடுபவர் எடுக்கும் முடிவு என்று ஒன்றுமே இல்லை. கைக்கிரிக்கெட் ஒரு படி மேல். இருவரும் ஒரே நேரத்தில் விரல் நீட்ட வேண்டும், இரண்டும் ஒன்றானால் அவுட், இல்லாவிட்டால் பேட்ஸ்மேன் காட்டிய எண் ரன். தொடர்ந்து ஆறு காட்டுபவரை எதிராளி இரண்டாவது பந்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். பேராசைக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஆடுபவரை நிறுத்தி வைப்பதுதான் பேட்டிங் என்றால், மட்டையும் பந்தும் இல்லாத கைக்கிரிக்கெட்டில் அது முழுதாக இருக்கிறது. மூன்று குச்சியும் ஒரு வட்டமும் வரைந்து காட்டும் பல கணினிக் கிரிக்கெட்டுகளில் அது இல்லை.

ஆக, ஒரு விளையாட்டைக் கருவிக்குள் கொண்டுவருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதில் ஆடுபவர் எந்த முடிவை எடுக்கத் தவிக்கிறார்? அதைக் கண்டுபிடித்த பின் மற்றதை வெட்டலாம்.

முன்னோர் வெட்டிய விதம்

1958இல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் ஓர் அலைக்காட்டியின் திரையில் டென்னிஸ் ஆட்டம் செய்தார். பக்கவாட்டுப் பார்வை. கீழே ஒரு கோடு தரை, நடுவே ஒரு சிறு கோடு வலை. மட்டையும் இல்லை, மனிதரும் இல்லை. அவர் விடாமல் பிடித்துக்கொண்டது பந்து வளைந்து போய் வலையைத் தாண்டி விழும் பாதையை. 1972இல் அட்டாரியின் ஆலன் ஆல்கார்ன் செய்த பாங் அந்தப் பாதையையே தூக்கிப் போட்டது. மேலிருந்து பார்வை, பந்து நேர்க்கோட்டில் போகும். பதிலுக்கு மட்டையை 8 துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் படுகிறதோ அதற்கேற்பக் கோணம் மாறும்படி வைத்தார். நீண்ட நேரம் அடித்துக்கொண்டிருந்தால் பந்தின் வேகம் கூடும். மின்சுற்றில் இருந்த ஒரு குறையால் மட்டை திரையின் உச்சிவரை எட்டவில்லை. அதையும் சரிசெய்யாமல் விட்டார். எட்டாத அந்த இடுக்கு இருந்ததால்தான் பந்து கைதவறியது, ஆட்டமும் முடிவுக்கு வந்தது. கருவியின் ஊனம் ஆட்டத்துக்கு உதவுகிறதா என்று பார்க்காமல் திருத்தக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

ஓட்டப் பந்தயத்துக்குக் கோனாமி 1983இல் டிராக் அண்ட் ஃபீல்டில் கண்ட வழி முரட்டுத்தனமானது. இரண்டு பட்டனை மாற்றி மாற்றிக் குத்த வேண்டும், கை வலிக்கும்வரை. உடம்பின் களைப்பை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நிண்டெண்டோவின் 1984ஆம் ஆண்டு கோல்ஃபுக்கு ஸடோரு இவாட்டா நிரல் எழுதினார். அதில் ஒரே பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தில் மட்டை பின்னால் போகும், இரண்டாவதில் பலம் நிலைக்கும், மூன்றாவதில் குறி. பின்னால் வந்த எத்தனையோ கோல்ஃப் ஆட்டங்கள் இந்த மூன்று அழுத்துகளில்தான் ஓடின. அட்டாரியின் 1978ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் வீரர்களை வரையவே இல்லை. பயிற்சியாளர்கள் கரும்பலகையில் போடும் பெருக்கல் குறியும் வட்டமும்தான் இரண்டு அணிகள். உருவம் வரைய இடமில்லையென்றால், அந்த விளையாட்டுக்காரர்களே தாளில் எப்படிக் குறித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏன் கபடி

கபடிக்கு வருவோம். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மீட்டருக்கு 9 புள்ளி என்று வைத்தால் 117க்கு 90. திரையில் முழுக் களமும் உட்கார்ந்துவிடுகிறது. கேமராவை நகர்த்த வேண்டாம். மேலே பாயிண்ட் காட்டவும் கீழே மூச்சுப் பட்டைக்கும் சேர்த்து 38 வரிசை மிச்சம். மேலிருந்து பார்த்தால் ஓர் ஆள் 8க்கு 8 கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்குவார். பந்து கிடையாது, மட்டை கிடையாது. ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஏழு பேர். இந்தக் கன்ஸோலுக்காகவே யாரோ யோசித்து வைத்தது போல இருக்கிறது.

நடுக்கோட்டை 64ஆம் புள்ளியில் போடுங்கள். பாக் லைன் அங்கிருந்து 3.75 மீட்டர், அதாவது 34 புள்ளி. போனஸ் கோடு 4.75 மீட்டர், 43 புள்ளி. கடைக்கோடு 58 புள்ளியில் வரும்.

பாடிப் போகிறவரின் தவிப்பு என்ன? எவ்வளவு உள்ளே போவது, எப்போது திரும்புவது. அவ்வளவுதான். தொடுவதும் பிடிபடுவதும் அந்த இரண்டு முடிவுகளின் விளைவு. ஆகவே பட்டன்களை இப்படிப் பிரியுங்கள்: திசை விசைகள் நகர்வதற்கு. வட்டப் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை வீரர் பாடுகிறார். பெருக்கல் பட்டன் கையையோ காலையோ வீசுவதற்கு. எதிரணிப் பக்கம் இருக்கும்போது வட்டத்தை விட்டால் பாட்டு அறுந்தது, அவுட்.

விதிப் புத்தகத்தில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அதை அப்படியே எடுத்து 900 ஃப்ரேம் என்று வைக்காதீர்கள். நிஜக் களத்தில் அந்த அரை நிமிடம் நிறைய நடக்கிறது. ஏழு பேர் கண்ணசைவிலேயே பேசிக்கொள்கிறார்கள், ரெய்டர் இடுப்பை ஒரு பக்கம் அசைத்து மறுபக்கம் போகிறார். உங்கள் ஆட்டத்தில் தடுப்பாளருக்கு மூன்றே மூன்று செயல்தான் இருக்கப்போகிறது. பத்துப் பன்னிரண்டு விநாடியில் எல்லாம் தீர்ந்துவிடும். 360 ஃப்ரேமில் தொடங்கி, ஆடிப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

விதிகளில் எதை வைப்பது? கோழையாக நடுக்கோட்டருகே நின்றுவிட்டுத் திரும்பினால் என்ன செய்வது என்று நீங்கள் யோசிப்பதற்கு முன்பே கபடி யோசித்திருக்கிறது. யாரையும் தொடாமல், பாக் லைனையும் தாண்டாமல் திரும்பினால் ரெய்டர் அவுட். தாண்டிவிட்டு வெறுங்கையோடு வருவதையே வழக்கமாக வைத்துக்கொண்டால்? அதற்குத்தான் புரோ கபடியில் ‘டூ ஆர் டை’ இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் வெளியே. இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். போனஸ் கோட்டையும் வையுங்கள், ஆசை காட்ட ஒன்று வேண்டும். லாபி, ஆல் அவுட், மாற்று வீரர், அட்டை, டாஸ் எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டுங்கள். ஒரு விதி ஆட்டக்காரரின் முடிவை மாற்றுகிறதா என்று கேளுங்கள். மாற்றினால் அதற்கு டோக்கன் செலவழிக்கலாம். நியாயத்துக்காகவோ நிர்வாகத்துக்காகவோ இருக்கும் விதி உங்களுக்கு வேண்டாம்.

ஏழு பேருக்கு இரண்டு மூளை

தடுப்பாளர் ஏழு பேருக்கும் தனித்தனியாகச் சிந்திக்கும் நிரல் எழுத உட்கார்ந்தால் அதிலேயே மாதம் ஓடிவிடும், ஆட்டமும் கெடும். ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டுப் புள்ளி கொடுங்கள். இரண்டு கார்னர், இரண்டு இன், இரண்டு கவர், நடுவில் ஒருவர் என்று பிறை வடிவில் நிற்கட்டும். ரெய்டர் மேலே போனால் அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு எல்லாரும் மேலே நகரட்டும். அவர் உள்ளே வந்தால் எல்லாரும் பின்வாங்கட்டும், ஆனால் கடைக்கோட்டுக்கு 4 புள்ளி முன்னால் நின்றுவிடட்டும். கூட்டல் கழித்தல் தவிர இதில் வேறொன்றும் இல்லை. ஆனாலும் திரையில் ஏழு பேர் ஒரே மூச்சாக அலைவது போலத் தெரியும்.

பாய்கிறவர்கள் கார்னர் இருவர் மட்டும். ரெய்டர் தங்கள் பக்கம் முதுகைக் காட்டி 14 புள்ளிக்குள் வந்தால் அவர்கள் எண்ணத் தொடங்குவார்கள். எட்டாவது ஃப்ரேமில் பாய்வார்கள். அந்த எட்டு ஃப்ரேம் தாமதத்தை எடுத்துவிடாதீர்கள். கணினி கண்டவுடனே பாய்ந்தால் அதை யாராலும் ஏமாற்ற முடியாது, ஏமாற்ற முடியாத எதிராளியோடு யாரும் இரண்டாம் முறை ஆட மாட்டார்கள். ஆட்டம் முற்ற முற்றத் தாமதத்தை எட்டிலிருந்து ஆறு, ஐந்து என்று குறைக்கலாம். கடினத்தைக் கூட்ட இந்த ஒரு எண் போதும். ரெய்டரின் நடை ஃப்ரேமுக்கு 1.2 புள்ளி, தடுப்பாளருக்கு 1, பாயும்போது மட்டும் 2.5 என்று தொடங்குங்கள். கைவீச்சு 9 புள்ளி எட்டட்டும். கால்வீச்சு 14 எட்டட்டும், ஆனால் வீசிய பின் பத்து ஃப்ரேம் அசையாமல் நிற்க வேண்டும். எட்டத் தொடுவதற்கு ஒரு விலை இருந்தால்தான் கையா காலா என்ற கேள்வி எழும்.

பிடிபட்டதும் உடனே அவுட் கொடுத்துவிடாதீர்கள். நிஜ ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நிற்பது அப்போதுதான். பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்கள் அத்தனை பேரும் வெளியே. இங்கே கோனாமியின் பழைய வழியைக் கடன் வாங்குங்கள். பெருக்கல் பட்டனை ஒவ்வொரு முறை குத்தும்போதும் கோட்டை நோக்கி 2 புள்ளி, பிடித்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் அரைப் புள்ளி குறைவு. கோட்டுக்கு 9 புள்ளி தூரத்தில் வந்துவிட்டால் கைவீசித் தொடலாம். ஒரு எச்சரிக்கை: பிக்கோ-8இல் புது அழுத்தத்தைக் கேட்கும் கட்டளை, பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் 15 ஃப்ரேம் கழித்துத் தானாகவே மறுபடி மறுபடி ஆமாம் சொல்லும். அதை நம்பினால் சும்மா பிடித்துக்கொண்டிருப்பவரும் ஜெயித்துவிடுவார். போன ஃப்ரேமில் பட்டன் எந்த நிலையில் இருந்தது என்று நீங்களே ஒரு மாறியில் வைத்து ஒப்பிடுங்கள்.

மூச்சுப் பட்டையைக் கீழே வரைந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள், கண் முழுக்கக் கார்னர்மீது இருக்கும். அதனால் மூச்சைக் காதுக்குக் கொடுங்கள். ‘கபடி’ என்ற மூன்றெழுத்துக்கு மூன்று குறுஞ்சுரம், திரும்பத் திரும்ப. மூச்சு குறையக் குறையச் சுரம் இறங்கட்டும், இடைவெளி நெருங்கட்டும். ஒரு தடம் இதற்கு, ஒன்று காலடிக்கு, ஒன்று விசிலுக்கு, ஒன்று கூட்டத்தின் இரைச்சலுக்கு. நாலு தடமும் தீர்ந்தது.

நிறமும் எழுத்தும்

வீரருக்கு இரண்டு நடைப் படங்கள் போதும். இரண்டாவது அணிக்குப் புதிதாக வரையாதீர்கள். வரையும் நேரத்தில் ஒரு நிறத்தை இன்னொன்றாக மாற்றும் கட்டளை இருக்கிறது. நீலச் சட்டையை ஆரஞ்சாக்கிவிடலாம். சிவப்பும் பச்சையுமாக அணிகளைப் பிரிக்க வேண்டாம், அந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தரைக்குப் பழுப்பு, கோட்டுக்கு வெள்ளை.

தமிழில் எழுத்து காட்டுவது தொல்லை. உள்ளே இருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது, 8க்கு 8 கட்டத்தில் ‘ணை’யை வரைந்தால் நண்டு போலத்தான் வரும். மூன்று நான்கு சொற்களை மட்டும் 16 புள்ளி உயரத்தில் படமாகவே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்குக் குறிகள் போதும்: வெளியே உட்கார்ந்திருப்பவர்களை ஓரத்தில் சின்ன உருவங்களாக வரிசை கட்டினால் எண்ணே வேண்டாம்.

கேரம், கால்பந்து

கபடி முடித்த பிறகு கேரம் செய்யலாம். 74 சென்டிமீட்டர் பலகையை 128 புள்ளியில் வைத்தால் காய் 5 புள்ளி, ஸ்டிரைக்கர் 7 புள்ளி. 19 காயும் ஸ்டிரைக்கரும் சேர்ந்து 20 வட்டம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் 190 ஜோடி மோதல் பார்க்க வேண்டும். கன்ஸோல் தாங்கும். வேகமாகச் சுண்டினால் ஸ்டிரைக்கர் ஒரே ஃப்ரேமில் காயைத் தாண்டிக் குதித்துப் போய்விடும். ஒவ்வொரு ஃப்ரேமின் நகர்வையும் நாலு சிறு அடியாகப் பிரித்து ஒவ்வோர் அடியிலும் மோதலைப் பாருங்கள்.

கால்பந்துக்கு வேறு ஒரு பொறி காத்திருக்கிறது. களம் திரையைவிடப் பெரிது, கேமரா நகர வேண்டும். பந்துக்கு மிக அருகில் இருப்பவர் யார் என்று பார்க்கத் தூரத்தின் வர்க்கத்தைக் கணக்கிடுவீர்கள். பிக்கோ-8இல் ஓர் எண் 32767ஐச் சற்றே தாண்டலாம், 32768ஐ எட்ட முடியாது. திரைக்குள்ளேயே இருக்கும்வரை இரு பக்கமும் 127 ஆனாலும் கூட்டுத்தொகை 32258, தப்பித்துவிடுவீர்கள். 200 புள்ளி தள்ளி நிற்கும் கோல்கீப்பருக்கு வர்க்கம் 40000. அது சுற்றிக்கொண்டு மைனஸ் 25536 ஆகிவிடும். மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவர் தானே பந்துக்கு மிக அருகில் இருப்பதாக நினைத்து ஓடி வருவார். வர்க்கம் எடுப்பதற்கு முன் இரண்டு நீளத்தையும் 16ஆல் வகுத்துவிடுங்கள். இன்னொன்று: பந்தைக் காலோடு ஒட்ட வைக்காதீர்கள். டினோ டினி 1989இல் செய்த கிக் ஆஃப் ஆட்டத்தில் பந்து காலில் ஒட்டாது, ஒவ்வோர் உதையிலும் சற்று முன்னே ஓடும். அதைக் கட்டுப்படுத்துவதே அந்த ஆட்டத்தின் சுவை.

இருவர் ஆடும்போது

கபடியில் இரண்டாவது ஆளுக்குக் கார்னர் இருவரையும் கொடுக்கலாம். திசை விசையால் ஒருவரைத் தேர்ந்து, பெருக்கல் பட்டனால் பாயட்டும். நிரலில் மாற்றம் கொஞ்சம்தான். ஒரே விசைப்பலகையில் முதல் ஆளுக்கு அம்பு விசைகள், இரண்டாம் ஆளுக்கு இடப்பக்க எழுத்து விசைகள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் மலிவான விசைப்பலகைகள் பலவற்றில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு விசைகளை அழுத்தினால் ஏதாவது ஒன்று பதிவாகாது. நம் ரெய்டரோ பாடுவதற்காக ஒரு விசையை விடாமல் பிடித்திருக்கிறார், இன்னொரு விரல் திசையில், தப்பினால் மூன்றாவது கைவீச. எதிரே இருப்பவரும் இரண்டை அழுத்தினால் போச்சு. பாட்டு அறுந்துவிட்டதாக ஆட்டம் நினைத்துக்கொள்ளும், ரெய்டர் சண்டைக்கு வருவார். இருவர் ஆட்டத்தில் மட்டும் வட்டப் பட்டனைப் பிடித்திருக்கும் முறையை மாற்றிவிடுங்கள். ஒருமுறை தட்டினால் பாட்டு 45 ஃப்ரேம் ஓடட்டும், தீருவதற்குள் மறுபடி தட்ட வேண்டும். ஆடுகிறவர்களிடம் ஒரு கேம்பேட் இருந்தால் இந்த மாற்றமும் தேவைப்படாது.